இண்டெக்ஸ் ஃபண்ட் தேர்வு: இலவசத் தளங்களோடு ஆறு வருஷம்

போன மாசம் தஞ்சாவூரிலிருந்து அண்ணி போன் பண்ணினார். "தம்பி, நிஃப்டி ஃபண்டு ஒண்ணு போடலாம்னு பார்க்கறேன். லிஸ்ட்ல முதல்ல நிக்கறதுக்கு அஞ்சு ஸ்டார் இருக்கு. அதையே போட்டுடட்டுமா?"

"ரெண்டு நாள் பொறுங்க அண்ணி, சேர்ந்து பார்ப்போம்" என்றேன். 2019-ல் நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன்.

அப்போது ஒரு இலவசத் தளத்தில் இண்டெக்ஸ் ஃபண்டுகளை (நிஃப்டி மாதிரி ஒரு பங்குக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்டுகள்) ஓராண்டு லாபப்படி வரிசைப்படுத்தி, மேலே வந்ததில் மாதம் ஐயாயிரம் எஸ்ஐபி, அதாவது மாதத் தவணை முதலீடு, போட்டேன். பதினாலு மாதம் கழித்து சிஏஎஸ் ஸ்டேட்மென்ட்டை (எல்லா ஃபண்டு முதலீடும் ஒரே இடத்தில் வரும் கணக்கு அறிக்கை) நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது: நிஃப்டி 50 என்று நினைத்து நான் வாங்கியது, அதற்கு அடுத்த 50 நிறுவனங்களின் குறியீடான நிஃப்டி நெக்ஸ்ட் 50. போதாக்குறைக்கு, இடைத்தரகர் கமிஷன் சேர்ந்த ரெகுலர் பிளான். கமிஷன் இல்லாத டைரக்டுக்கு மாறினால் விற்று வாங்கியதாகத்தான் கணக்கு, வரி உண்டு; ஓராண்டுக்குள் என்றால் வரி அதிகம். எஸ்ஐபியில் ஒவ்வொரு தவணைக்கும் தனி வயது. ஓராண்டு தாண்டிய யூனிட்டுகளை மட்டும் மாதாமாதம் நகர்த்தி முடிக்க இன்னொரு வருஷம் பிடித்தது.

அதிலிருந்து லாப வரிசையை நான் தொடுவதே இல்லை. ஒரே குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகள் எல்லாம் அதே 50 பங்குகளை அதே விகிதத்தில்தான் வைத்திருக்கின்றன. அங்கே திறமை என்பது குறியீட்டை விட்டு விலகாமல் இருப்பது மட்டும்தான். டிக்கர்டேப், வேல்யூ ரிசர்ச் போன்ற தளங்களை முதல் சல்லடைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்: குறியீடு எது, டைரக்டா, குரோத்தா (லாபத்தைப் பிரித்துத் தராமல் ஃபண்டிலேயே வளரவிடுவது), செலவு விகிதம் (ஃபண்டு நிறுவனம் ஆண்டுக்குப் பிடிக்கும் செலவு) எவ்வளவு, ஃபண்டின் அளவு என்ன. ஐந்து நிமிஷத்தில் பட்டியல் ஐந்தாறாகச் சுருங்கிவிடும்.

அடுத்ததுதான் முக்கியம். ஃபண்டின் லாபம் குறியீட்டின் லாபத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பது டிராக்கிங் டிஃபரன்ஸ். அந்த விலகல் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது டிராக்கிங் எரர். பல தளங்கள் இரண்டாவதை மட்டும் பெரிதாகக் காட்டுகின்றன. தினமும் ஒரே சீராகப் பின்தங்கி ஆண்டுக்கு 1 சதவீதம் கோட்டைவிடும் ஃபண்டுக்கும் டிராக்கிங் எரர் கிட்டத்தட்ட பூஜ்யமாகத்தான் இருக்கும். பத்து லட்சம் போட்டவருக்கு அது வருஷத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்.

2022-ல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி போட்ட உத்தரவுக்குப் பிறகு ஃபண்டு நிறுவனங்கள் 1, 3, 5, 10 ஆண்டு டிராக்கிங் டிஃபரன்ஸை மாதாமாதம் வெளியிட வேண்டும். ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்திலேயே கிடைக்கிறது. அழகான பக்கம் இல்லை, தேடத்தான் வேண்டும். ஆனாலும் ஆறு வருஷத்தில் எனக்கு அதிகம் உதவியது அதுதான்.

சந்தேகம் வந்தால் நானே போட்டுப் பார்ப்பேன். ஆம்ஃபியில் இரண்டு தேதிகளின் என்ஏவி (ஒரு யூனிட்டின் மதிப்பு), நிஃப்டி இண்டைசஸ் தளத்தில் அதே தேதிகளின் டிஆர்ஐ (டிவிடெண்டும் சேர்த்துக் கணக்கிட்ட குறியீடு) மதிப்பு. உதாரணத்துக்கு, டிஆர்ஐ 20,000-லிருந்து 22,400 ஆனால் 12 சதவீதம். என்ஏவி 100-லிருந்து 111.70 ஆனால் 11.7. வித்தியாசம் 0.3. டிவிடெண்ட் சேராத சாதாரண நிஃப்டியோடு ஒப்பிட்டுவிடக் கூடாது. சில தளங்களின் வரைபடம் அப்படித்தான் ஒப்பிடுகிறது. இண்டெக்ஸ் ஃபண்டு குறியீட்டையே ஜெயித்த மாதிரி அதில் தெரியும். அப்படித் தெரிந்தால் முதலில் கோட்டின் பெயரைப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. நான் தினமும் பயன்படுத்திய ஒரு தளத்தின் முக்கிய ஃபில்டர் ஒருநாள் கட்டணச் சேவைக்குப் போய்விட்டது. சேமித்து வைத்த பட்டியலும் அதோடு போனது. அன்றிலிருந்து எல்லாவற்றையும் என் எக்ஸெல் ஃபைலில்தான் வைத்திருக்கிறேன். இன்னொரு தளத்தில், ஃபண்டு நிறுவனம் செலவு விகிதத்தைக் குறைத்த பிறகும் பல வாரம் பழைய எண்ணே நின்றது. செலவு விகிதத்தை மட்டும் கடைசியாக ஃபண்டு நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் சரிபார்த்துவிடுங்கள்.

அண்ணியும் நானும் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உட்கார்ந்து நான்கு ஃபண்டுகளைப் பார்த்தோம். அஞ்சு ஸ்டார் ஃபண்டு ஐந்தாண்டு விலகலில் மூன்றாவதாக வந்தது. முதலில் வந்ததற்கு ஸ்டாரே இல்லை. "அப்ப இதுதானே தம்பி?" என்று அவரே கேட்டார். நேற்று முதல் தவணை போன ஸ்டேட்மென்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஃபண்டு பெயரின் கடைசியில் 'டைரக்ட் பிளான் – குரோத்' என்ற இடத்தை வட்டம் போட்டிருந்தார்.