ஓட்டத்தில் ஆஃப் ஆகும் பழைய மாருதி 800: கார்புரேட்டர் மாற்றச் சம்மதிக்கும் முன் இதைப் பாருங்கள்

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) மாடல் மாருதி 800 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. இது ஒரு 1997 மாடல் வண்டியின் கதை. ஐடிலிங்கில் குறையில்லை, ஊருக்குள்ளும் ஒழுங்காக ஓடும். பைபாஸில் 60-ஐத் தாண்டினால் திணறல், பிக்கப் போய்விடும், மேம்பாலம் ஏறும்போது ஆஃப். ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

இதற்கு ஒரு ஒர்க்‌ஷாப் மூன்று தடவையாக வாங்கியது 19,400 ரூபாய். முதலில் பிளக், காயில். அடுத்து "கார்புரேட்டர் போச்சு" என்று புதிது. அதற்கும் சரியாகவில்லை என்றதும் "கம்ப்ரஷன் இல்லை, ஹெட் இறக்கணும்". கம்ப்ரஷன் என்பது சிலிண்டருக்குள் கிடைக்கும் அழுத்தம், ஹெட் என்பது இன்ஜினின் மேல்மூடி. அந்த அழுத்தத்தைக் கேஜ் போட்டுப் பார்த்த அளவு பில்லில் எங்கேயும் இல்லை. ஹெட் வேலை முடிந்த மறுநாளே அதே மேம்பாலத்தில் வண்டி நின்றது.

உண்மையான கோளாறு, டேங்க் லைனிலிருந்து பெட்ரோல் பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் ஒரு வெடிப்பும் இல்லை. பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தபோது உள்பக்க ரப்பர் ஊறி, உரிந்து, நாக்கு மாதிரி தொங்கியது. மெதுவாகப் போகும்போது அதைத் தாண்டிப் பெட்ரோல் வந்துவிடும். வேகம் கூடப் பம்ப் இழுப்பு கூடும், அந்த நாக்கு வழியை அடைத்துக்கொள்ளும். வண்டி நின்றதும் இழுப்பு விட்டுப்போய் வழி திறக்கும். ஐந்து நிமிட ரகசியம் இதுதான். இப்போது பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது. எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பெட்ரோல் குறைவா, கரண்ட் குறைவா? சாவியைத் திருப்பினாற்போல் பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம் பாருங்கள்: பாயிண்ட், கண்டென்சர், சூடேறினால் செத்துப்போகும் காயில். முக்கி முனகித் திணறி நின்றால் பெட்ரோல் பக்கம். நின்ற இடத்திலேயே ஏர் கிளீனர் மூடியைக் கழற்றி, ஆக்சிலரேட்டர் லீவரைக் கையால் இழுங்கள். கார்புரேட்டர் தொண்டைக்குள் பெட்ரோல் பீய்ச்சினால் பெட்ரோல் வந்துகொண்டிருக்கிறது. வறண்டிருந்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் கிண்ணமே காலி. அப்படியானால் கார்புரேட்டரைக் குற்றம் சொல்வதற்கு முன் அதற்குப் பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க வேண்டாமா?

இன்ஜின் ஆறிய பிறகு, காயிலுக்கு வரும் சின்ன ஒயரைக் கழற்றிவிட்டு (பொறி வரவே கூடாது, பக்கத்தில் பீடி சிகரெட்டும் கூடாது), கார்புரேட்டரில் சேரும் ஹோஸைப் பிடுங்கி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். 10-15 விநாடி செல்ஃப் அடித்தால் பெட்ரோல் விட்டுவிட்டுப் பலமாகப் பீய்ச்ச வேண்டும். முதல் நாலைந்து அடி நன்றாக வந்து பிறகு நூலாக மெலிந்தால் எங்கோ அடைப்பு. அடுத்து, பம்பின் உறிஞ்சும் ஹோஸைக் கழற்றி வேறொரு ஹோஸ் போட்டு, நேராக ஒரு லிட்டர் பெட்ரோல் கேனுக்குள் விட்டு மறுபடி செல்ஃப் அடியுங்கள். இப்போது பலமாக வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது, கோளாறு டேங்க் பக்கம்: ஹோஸ், ஃபில்டர், டேங்க் வலை. கேனிலிருந்தும் வரவில்லையென்றால் பம்ப். ஆயில் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கலாம். அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள்.

செலவே இல்லாத ஒன்று: நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றோட்டம் அடைத்திருக்கிறது.

ஹெட் இறக்கணும் என்று சொன்னால், மூன்று சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் எடுத்து எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லாச் சிலிண்டரிலும் அளவு மிகக் குறைவாக இருந்தாலோ, சிலிண்டர்களுக்கு இடையே கேஜ் அளவில் 1 கிலோவுக்கு (சதுர செ.மீ.க்கு) மேல் வித்தியாசம் இருந்தாலோதான் அந்தப் பேச்சே. 1995-க்குப் பிறகு சென்னையில் வாங்கிய வண்டி என்றால் சைலன்சர் லைனில் கேடலிடிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி) இருக்கும். அது அடைத்தாலும் இதே மாதிரி பிக்கப் போகும், ஹெட்டைத் தொட வேண்டியதில்லை.

இந்த விவகாரத்தில் ஆறாத விஷயம், கழற்றிய ஒரிஜினல் கார்புரேட்டரைத் திருப்பித் தரவில்லை, "ஸ்கிராப்புல போட்டாச்சு" என்றார்கள். கிளீன் பண்ணி, ஜெட்டை (பெட்ரோல் வரும் சின்ன துளை) ஊதினால் இன்னும் பல வருஷம் ஓடக்கூடிய பொருள் அது. அதற்குப் பதில் மாட்டியது பெயரில்லாத நகல். வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் "கழற்றும் பாகங்களைத் திருப்பித் தரவும்" என்று எழுதி, கார்புரேட்டரை, அதன் பட்டையில் உள்ள எழுத்துகள் தெரிகிற மாதிரி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏமாந்துவிட்டவர்கள் பில்லைத் தூக்கிப் போட வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. வெட்டிய ஹோஸையும் ஒரு கவரில் போட்டு வைத்திருங்கள்.