வாடகைக் காரில் மலையிறங்குவோர் கவனத்திற்கு: இரண்டாம் கியரில் வந்ததற்கு எனக்கு விதிக்கப்பட்ட 'சேதக் கட்டணம்'

கோயம்புத்தூரில் ஓட்டுநர் இல்லாமல் காரை மட்டும் வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்திடம் கடந்த மே மாதம் எனக்கு ஏற்பட்ட அனுபவத்தை, உதகைக்கோ வால்பாறைக்கோ இப்படி வண்டி எடுத்துச் செல்ல இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மலையிறக்கத்தில் காரைத் தாழ்ந்த கியரில் வைத்து இறக்கியதற்காக, எஞ்சினைச் சேதப்படுத்திவிட்டேன் என்று சொல்லி என் முன்பணம் 5,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டதோடு, மேலும் 6,800 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள்.

எனக்குக் கிடைத்தது ஏஎம்டி வகைக் கியர் (கிளட்ச் பெடல் இல்லாமல், வண்டியே கியரை மாற்றிக்கொள்ளும் வகை) கொண்ட ஒரு சிறிய பெட்ரோல் கார். என் சொந்த வண்டியில் கிளட்சை மிதித்துக் கியர் மாற்றியே பழகியவன் என்பதால், மலையில் இதை எப்படி ஓட்ட வேண்டும் என்று வண்டியை ஒப்படைத்த இளைஞரிடம் கேட்டேன். "ஆட்டோ கியருங்க சார், டி-ல போட்டுட்டா போதும், ஏத்தம் இறக்கம் எல்லாத்தையும் வண்டியே பாத்துக்கும்" என்றார். கியர் நெம்புகோலுக்குப் பக்கத்தில், கியரை நாமே மாற்றிக்கொள்வதற்காக எம் என்று ஒரு நிலை இருந்ததைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கோடை சீசனில் நீலகிரிக்குக் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று போக்குவரத்தை ஒருவழியாக்கிவிடுவார்கள். ஏறும்போது ஒரு சிக்கலும் இல்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரையுள்ள 33 கிலோமீட்டரில் சாலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தை இழக்கிறது. ஆட்களும் பெட்டிகளும் சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் அந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 50 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இதில் பெரும்பங்கை எஞ்சினிடம் விடாமல் பிரேக் ஒன்றே விழுங்க வேண்டும் என்றால் என்ன ஆகும் என்பதை, இறங்கும் வழியிலுள்ள அரவேணு தாண்டியதும் தெரிந்துகொண்டேன்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடனே இந்தக் கார், சமதரையில் நிதானமாகப் போவதாக எண்ணிக்கொண்டு மூன்றாம் கியருக்கும் நான்காம் கியருக்கும் தானாக மாறியது, வேகம் கூடியது, நான் பிரேக்கை மிதித்தேன், காலை எடுத்தால் மறுபடியும் அதே கதை. குஞ்சப்பனைக்கு முன்பாகக் கருகல் நெடி அடித்தது. அடுத்த வளைவில் பிரேக் பெடல் வழக்கத்தைவிட இரண்டு விரல் அளவு கீழே இறங்கி, பஞ்சை மிதிப்பது போல இருந்தது. பின்னிருக்கையில் என் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். சாலையோரத்தில் கொஞ்சம் இடம் கிடைத்ததும் ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து நிறுத்தினேன். முன்சக்கரங்களின் இடுக்கிலிருந்து மெல்லிய புகை வந்தது.

தேயிலை மூட்டை ஏற்றி வந்த பிக்கப் வண்டிக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப்போன என்னைத் தடுத்து, சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும் என்றார். "ஏனுங்க தம்பி, ஆட்டோ கியரா? ஆறட்டும். அப்புறம் எம்முக்குத் தள்ளி, ரெண்டுல வெச்சு விடுங்க. வளைவுக்கு மட்டும் பிரேக்கத் தொடுங்க." முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அதற்குப் பின் மேட்டுப்பாளையம் வரை அவர் சொன்னபடியே வந்தேன். எஞ்சின் சற்றே இரைந்தது. ஆனால் நேர்ச்சாலையில் பிரேக்கைத் தொட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

பாதித் தவறு என்னுடையது. கிளட்ச் பெடல் உள்ள வண்டியாக இருந்தால் யோசிக்காமலே இரண்டுக்கு இறக்கியிருப்பேன். இடது காலுக்கு வேலை இல்லாமல் போனதும், எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய பாடமும் மறந்துவிட்டது. ஆனால் மீதிப் பாதி காரின் முன்மூடிக்கு அடியில் இருந்தது. காத்திருந்த நேரத்தில் திறந்து பார்த்தபோது, வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டிய பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. டாஷ்போர்டு அறையில் கிடந்த சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினேன். வண்டி 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தும், பிரேக் ஆயில் மாற்றியதற்கான குறிப்பு ஒன்றுகூட இல்லை. இரண்டையும் படம் எடுத்துக்கொண்டேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பிரேக் ஆயிலுக்கான தரங்களில் ஒன்றான டாட் 3-இல் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அதே தரம் 140 வரை இறங்குவதை அனுமதிக்கிறது. கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், நாம் மிதிக்கும் அழுத்தம் சக்கரத்துக்குப் போகாமல் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பெடல் பஞ்சானதற்குக் காரணம் இதுவே என்று என் மெக்கானிக்கும் சொன்னார்.

மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது பிரேக் பற்றி நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மாறாக, வண்டியில் பொருத்தியிருந்த கருவியின் பதிவைக் காட்டி, இறக்கத்தில் எஞ்சின் 3,600 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 3,600 சுற்று) வரை போயிருக்கிறது, அதனால் எஞ்சினும் கிளட்சும் தேய்ந்துவிட்டன என்றார்கள். ஏறத்தாழ 6,000 வரை சுழல்வதற்கென்றே செய்யப்பட்ட எஞ்சினுக்கு இது ஒரு சுமையே இல்லை. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும்போது எரிபொருள் செலுத்துவதே நின்றுவிடுகிறது; சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது, காற்றை உறிஞ்சவும் அழுத்தவும் எஞ்சின் படும் பாடுதான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. கிளட்ச் முழுவதும் பிடித்திருப்பதால் கியர் மாறும் அந்த ஒரு நொடியைத் தவிர உராய்வும் கிடையாது. அதே பதிவில் குன்னூர் ஏற்றத்தில் 4,000-ஐத் தாண்டியிருந்தது, அதற்கு ஏன் கட்டணம் இல்லை என்று கேட்டேன். "அது வண்டியா மாத்திக்கிட்டது சார், இது நீங்க மாத்துனது" என்பது பதில்.

பேச்சுவாக்கில் அங்கிருந்த ஒருவர், இறக்கத்தில் நியூட்ரலில் விட்டிருந்தால் பெட்ரோலும் மிச்சம், எஞ்சினும் இரைந்திருக்காது என்று எனக்கு அறிவுரை வேறு சொன்னார். நான் எழுத உட்கார்ந்ததற்கு முதன்மைக் காரணம் இந்த வாக்கியம்தான். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். கியரில் இறங்கும்போதுதான் அதுவும் மிச்சம். இன்னும் சிலர் செய்வது போலச் சாவியையும் அணைத்துவிட்டால், இரண்டு மூன்று மிதிக்குப் பின் பிரேக் கல்லாக இறுகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

ஆகவே வண்டியை எடுக்கும் இடத்திலேயே தாழ்ந்த கியருக்கு எப்படி மாற்றுவது என்று செய்துகாட்டச் சொல்லுங்கள். ஏஎம்டி வண்டிகளில் எம் நிலை இருக்கும். மற்ற ஆட்டோமேட்டிக் வண்டிகளில் எல், எஸ், 2 என்று ஏதாவது ஒன்று இருக்கும். இறக்கம் தொடங்குமுன்பே அதற்கு மாறிவிட வேண்டும். வேகம் கூடிய பிறகு மாற்றினால், எஞ்சினைக் காக்க வேண்டிப் பல வண்டிகள் மறுத்துவிடும். முன்மூடியைத் திறந்து பிரேக் ஆயிலின் நிறத்தைப் பார்த்துப் படம் எடுங்கள். ஒப்பந்தத்தில் ஆர்பிஎம் வரம்பு என்று ஏதேனும் நிபந்தனை இருக்கிறதா என்று படியுங்கள். எனக்குக் கொடுத்த தாளில் அப்படி ஒன்று இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்தேன். அதன்பின் நிறுவனம் 6,800 ரூபாய் கோரிக்கையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, முன்பணத்தில் பாதியைத் தருவதாகச் சொல்கிறது. நான் முழுத்தொகையையும், பிரேக் ஆயில் கடைசியாக மாற்றப்பட்ட தேதியையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை என்பதால், இம்மாத இறுதிக்குள் பதில் வராவிட்டால் அங்கே மனு கொடுக்க இருக்கிறேன்.