பிரேம் பாயிண்டரா, ஆர்க்கா?

நாகர்கோவில் வடசேரியில் ஒரு மாடி அறை. வெளியே ஐப்பசி மழை. நானும் தம்பி ஒருவனும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் ஸ்டாக் அன்வைண்டர் நிரலை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தோம். கர்னல் கிராஷ் ஆனால், எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று பின்னோக்கிப் போய்ச் சொல்வது இதன் வேலை. 64 பிட் எக்ஸ்86-இல் இதற்கு முக்கியமாக இரண்டு வழிகள்: பிரேம் பாயிண்டர், ஆர்க் (ORC).

பிரேம் பாயிண்டர் வழி சட்டென்று புரியும். ஒவ்வொரு ஃபங்ஷனும் தொடங்கும்போது சிபியுவுக்குள் இருக்கும் ஆர்பிபி (RBP) ரெஜிஸ்டரின் பழைய மதிப்பை, ஃபங்ஷன் அழைப்பு விவரங்கள் அடுக்கப்படும் நினைவகமான ஸ்டாக்கில் வைக்கும். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போகலாம். ஆனால் அந்த முதல் கட்டளைகளுக்கு நடுவே, ஓடும் வேலையைக் குறுக்கிட்டு நிறுத்தும் இன்டரப்ட் வந்தால் ஒரு கண்ணி தவறிவிடும்.

"அண்ணே, இங்க எதுக்கு ஆர்பிபியோட கடைசி பிட்டைப் பார்க்கிறாங்க?" என்றான் தம்பி.

இன்டரப்டில் ரெஜிஸ்டர்களைச் சேமித்த இடம் இது என்று அடையாளம் காட்ட, அந்த பிட்டை 1 ஆக்கிவைக்கிறார்கள். இப்படிப்பட்ட விதிவிலக்குகள் சேர்ந்துதான் நிரல் கனத்துப்போகிறது. ஒவ்வொரு ஃபங்ஷனிலும் கூடுதல் கட்டளைகள் ஓடுவதால் வேகமும் அடிபடும்.

ஆர்க் 2017-இல், 4.14 பதிப்பில் வந்தது. கர்னலை பில்ட் செய்யும்போதே, எந்த இடத்தில் ஸ்டாக் எப்படி இருக்கும் என்ற அட்டவணையை ஆப்ஜ்டூல் என்ற நிரல் தயாரித்துவிடும். ஃபங்ஷன்களுக்கு ஓடும்போது சுமையே இல்லை. இன்டரப்டைத் தாண்டியும் சரியாகப் படிக்கும். நினைவகம் மட்டும் சுமார் 2 முதல் 4 எம்பி கூடும். சிக்கல் மறைந்துவிடவில்லை, ஆப்ஜ்டூலுக்கு இடம் மாறியிருக்கிறது. அசெம்பிளி நுழைவுப் பகுதிகளில் கையால் குறிப்பு போடவும் வேண்டும்.

சர்வருக்கு நான் ஆர்க்கைத்தான் எடுப்பேன். நினைவகம் மிகக் குறைந்த கருவி என்றால் மட்டும் பிரேம் பாயிண்டர்.