வில்லங்கச் சான்றில் வராத பேய்கள்

ஆடி மாதம் எங்கள் ஆபீசில் ஈ ஓட்டுவோம். கும்பகோணத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் பதினேழு வருஷமாக டைப்பிஸ்ட் நான். ஆடியில் யாரும் மனை வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத்தான் டோக்கனுக்கு அடிதடி. இந்த ஆடியில், பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இங்கிலீஷ் நாவல் அனுப்பினாள். மேலே ஒரு துண்டுச் சீட்டு: "சித்தி, பேய், டிராகன், லவ்வு எல்லாம் இருக்கு. எல்லாம் நான் படிச்சு முடிச்சது. நீங்களும் படிச்சிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க." ஐந்து படித்தேன். உள்ளதை உள்ளபடியே சொல்கிறேன்.

நான் பஸ் ஸ்டாண்டுக் கடையில் மாத நாவல் வாங்கிப் படித்து வளர்ந்தவள். காதலுக்கு ரமணிசந்திரன், அமானுஷ்யத்துக்கு இந்திரா சௌந்தர்ராஜன். இங்கிலீஷ் வேகமாக வராது. பக்கத்துக்கு இரண்டு வார்த்தையாவது போனில் தேடித்தான் படிப்பேன். அதில் ஒரு லாபம் உண்டு. மெதுவாகப் படிக்கிறவளிடம் எழுத்தாளர் ஏமாற்ற முடியாது.

முதலில் எடுத்தது கிரேடி ஹென்ட்ரிக்ஸின் 'ஹவ் டு செல் எ ஹாண்டட் ஹவுஸ்' (2023). பேய் வீட்டை விற்பது எப்படி என்று அட்டையில் போட்டிருந்தால் எங்கள் தொழிலில் இருப்பவள் வேறு எதை எடுப்பாள்? சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிற லூயிஸுக்கு, அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள் என்று சேதி வருகிறது. ஐந்து வயசு மகளை விட்டுவிட்டு ஊருக்கு ஓடுகிறாள். ஊர் அமெரிக்காவின் தெற்கே சார்ல்ஸ்டன். அங்கே தம்பி மார்க். எந்த வேலையிலும் நிலைக்காத தம்பி. வந்த அன்றே சண்டை: அந்திமக் காரியத்தை எப்படிச் செய்வது, சாமான்களை யார் ஒழிப்பது, வீட்டை விற்பதா வேண்டாமா.

வீடு முழுக்க அம்மா செய்து வைத்த பொம்மைகள். பரணுக்குப் போகும் வழியை யாரோ பலகை வைத்து ஆணியடித்து மூடியிருக்கிறார்கள். ரியல் எஸ்டேட் பண்ணும் சொந்தக்காரப் பெண் மெர்சி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டை என்னால் விற்க முடியாது, இதில் ஏதோ இருக்கிறது என்று சொல்கிறாள். இங்கே நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் அடமானம் வரும், கோர்ட்டு ஜப்தி வரும். பேய் எந்தக் காலத்திலும் வராது. ஆனால் வீட்டுக்குள் கால் வைத்ததும் முகம் மாறுகிற புரோக்கர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பயம் எப்போது வந்தது என்று கேட்டால், பப்கின் என்ற கைப்பொம்மை வந்தபோது இல்லை. அதற்கு முன்னாலேயே, அக்காவும் தம்பியும் பொம்மைகளைக் குப்பையில் போடலாமா கூடாதா என்று மல்லுக்கு நின்ற இடத்தில். போன வருஷம் எங்கள் ஆபீசுக்கு ஒரு விடுதலைப் பத்திரம் வந்தது. அண்ணன், இரண்டு தங்கைகள். அக்ரஹாரத்து வீட்டில் தங்கள் பாகத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து, தங்கைகள் மூச்சுக்காட்டாமல் கையெழுத்துப் போட்டார்கள், ரேகை வைத்தார்கள். வெளியே வராந்தாவுக்குப் போனதும், அம்மாவுடைய பித்தளை இட்லிக் குண்டான் யாருக்கு என்று ஆரம்பித்தது பாருங்கள். அரை மணி நேரம். பெரியவள் கையில் மை காயக்கூட இல்லை, அதே கையை நீட்டி நீட்டித் திட்டுகிறாள். ஹென்ட்ரிக்ஸ் அந்த வராந்தாவில் நின்றிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது. துக்கத்தின் ஐந்து கட்டங்களைப் பாகங்களுக்குத் தலைப்பாக வைத்திருக்கிறார். அது கொஞ்சம் பாடப்புத்தகம் மாதிரி. நடுவில் தம்பி, காலேஜ் நாட்களில் பொம்மலாட்டக் கூட்டத்தோடு திரிந்த கதையைச் சொல்ல ஆரம்பித்து நிறுத்தவே மாட்டேன் என்கிறான். கடைசியில் ரத்தமும் தாராளம், சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள். இவ்வளவு குறை இருந்தும் ஐந்தில் என்னை ராத்திரி முழிக்க வைத்தது இதுதான்.

இன்னொரு பேய் வீடு, சில்வியா மொரேனோ-கார்சியாவின் 'மெக்சிகன் காதிக்' (2020). 1950-இல் நடக்கிறது. மெக்சிகோ நகரத்துப் பணக்காரப் பெண் நொயேமி, கல்யாணமாகிப் போன பெரியப்பா சித்தப்பா வகைத் தங்கையோ அக்காவோ (இங்கிலீஷில் எல்லாம் ஒரே கசின், இது ஒரு தொல்லை) எழுதிய விசித்திரமான கடிதத்தைப் பார்த்து மலை மேல் இருக்கும் இங்கிலீஷ்காரக் குடும்பத்து வீட்டுக்குப் போகிறாள். வெள்ளிச் சுரங்கம் வைத்துச் சம்பாதித்த குடும்பம். சாப்பாட்டு மேசையில் பேசக் கூடாது, சிகரெட் பிடிக்கக் கூடாது, சுவரெல்லாம் ஈரம், பூஞ்சணம். அந்த ஊமைச் சாப்பாடும், இனத்தைப் பற்றிக் கிழவர் ஹவர்ட் டாய்ல் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகவே பேசும் பேச்சும் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் முதல் பாதி சுவரில் ஈரம் ஏறுகிற வேகத்தில்தான் நகர்கிறது. பொறுமை இருந்தால் படிக்கலாம்.

அடுத்து அக்கா மகளின் செல்லம், ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' (2023). இதன் மூன்றாம் பாகம் 2025 ஜனவரியில் வந்து ஒரே வாரத்தில் 27 லட்சம் பிரதி போயிருக்கிறது. அப்படி என்னதான் இருக்கிறது என்று உட்கார்ந்தேன். வயலெட் என்ற இருபது வயசுப் பெண். மூட்டெல்லாம் எளிதில் பிசகிவிடும் உடம்பு. படிப்பாளிகள் பிரிவுக்குப் போக வேண்டியவளை, ராணுவ ஜெனரலான அம்மாவே டிராகன் ஓட்டும் பிரிவில் தள்ளுகிறாள். சேர்க்கைக்கு முதல் நாள் பரீட்சை, உயரத்தில் ஒற்றையடிக் கைப்பிடிச்சுவர் மேல் நடந்து தாண்டுவது, விழுந்தால் சாவு. பயம் வரும்போதெல்லாம் அவள் பாடப்புத்தகத்துச் சரித்திரத்தை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டு நடப்பது எனக்குப் பிடித்தது. தினம் காலையில் வரிசையில் நிற்க வைத்து, செத்தவர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். நாள் முழுக்க வாரிசுச் சான்றிதழைப் பார்த்துப் பத்திரத்தில் பெயர் அடிக்கிறவளுக்கு அது சுருக்கென்று தைத்தது.

அப்புறம் ஸேடன் வருகிறான். அவன் தாடை, அவன் கண், அவன் புஜம். மறுபடி தாடை. அக்கா மகள் இதை பிளாட்பாரத்தில் வாங்கியிருக்கிறாள், திருட்டுப் பதிப்பு. ஒரு பதினாறு பக்கம் இரண்டு தடவை வைத்துத் தைத்திருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டாவது தடவை நாலு பக்கம் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. படுக்கையறைக் காட்சியில் மரச்சாமானெல்லாம் உடைகிறது. படித்துக்கொண்டிருக்கும்போதே, இதைத் தச்சரை வைத்துச் சரி பண்ண யார் காசு கொடுப்பார்கள் என்று யோசித்தேன் என்றால் அந்தக் காதல் என்னை எவ்வளவு இழுத்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாயாடி டிராகன் டேர்ன் மட்டும் இல்லையென்றால் பாதியில் மூடியிருப்பேன். போனில் இதைச் சொன்னதற்கு, "சித்தி, உங்களுக்கு வயசாயிடுச்சு" என்று வைத்துவிட்டாள்.

வயசாகவில்லை என்று நிரூபித்தது எமிலி ஹென்றியின் 'புக் லவ்வர்ஸ்' (2022). நியூயார்க்கில் எழுத்தாளர்களுக்கு ஏஜென்டாக இருக்கும் நோரா, காதல் கதைகளில் நாயகன் விட்டுவிட்டுப் போவானே அந்தக் கறாரான பட்டணத்துக்காரி. மாசமாக இருக்கும் தங்கை லிபி ஒரு பட்டியல் போட்டு அவளைச் சின்ன ஊருக்கு இழுத்துப் போகிறாள். அங்கே பார்த்தால், எப்போதோ ஒரு மதியச் சாப்பாட்டில் சண்டை போட்ட எடிட்டர் சார்லி. இவர்கள் இரண்டு பேரும் காதலிப்பது பெரும்பாலும் ஒரு கையெழுத்துப் பிரதியைத் திருத்திக்கொண்டே. அந்தப் பிரதியில் வரும் கல்நெஞ்சக்காரி தன்னைப் பார்த்து எழுதப்பட்டவள் என்று நோராவுக்குத் தெரிகிற இடம் வலிக்கும். ஒரு வாக்கியத்தை வெட்டலாமா வேண்டாமா என்று இரண்டு பேர் வாதாடுவதில் இவ்வளவு கிறக்கம் உண்டா என்று கேட்பவர்கள், "நாற்புற எல்லை"யில் வடக்கும் கிழக்கும் மாறிப்போன பத்திரத்தை யாரோடாவது உட்கார்ந்து சரிபார்த்ததில்லை. எனக்கு அந்தக் காதலைவிட அக்கா தங்கை விஷயம்தான் நெருக்கம். அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தவள் நோரா. இப்போது தங்கை எதையோ மறைக்கிறாள். அது என்னவென்று தெரிந்த அத்தியாயத்தில், என்னை வளர்த்த அக்காவுக்குப் போன் போட்டேன். "என்னடி, ஆபீஸ் நேரத்துல?" என்றாள். சும்மாதான் என்று வைத்துவிட்டேன். குறை சொல்லணும் என்றால், எல்லாரும் எப்போதும் சாமர்த்தியமாகவே பேசுகிறார்கள். ஒருத்தருக்காவது வாய் குழறாதா?

கடைசிப் புத்தகத்துக்கு ஆடியின் பின்பாதி முழுக்கப் போனது. வஜ்ர சந்திரசேகர எழுதிய 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023). ஆசிரியர் கொழும்புக்காரர், சிறந்த நாவலுக்கான நெபுலா விருது வாங்கிய புத்தகம். முதல் வரியிலேயே, பிறந்த குழந்தையின் நிழலைத் தாய் ஒரு பெரிய பித்தளை ஆணியால் தரையில் அறைந்து, குழந்தையிடமிருந்து கிழித்தெடுக்கிறாள். அந்தப் பிள்ளையின் பெயர் ஃபெட்டர், அதாவது தளை. மகான் என்று உலகம் கும்பிடும் அப்பனைக் கொல்லத்தான் அவனை வளர்க்கிறாள். புத்தர் வீட்டை விட்டுப் போனபோது விட்டுப்போன மகன் பெயர் ராகுலன். அதற்கும் தளை என்றே அர்த்தம் சொல்வார்கள். இது தெரிந்து படிப்பவருக்கு முதல் வரியிலேயே முதுகு சில்லிடும். தெரியாதவருக்கு இன்னொரு மாயக்கதை, அவ்வளவுதான்.

வளர்ந்ததும் ஃபெட்டர் கொலையை விட்டுவிட்டு லூரியட் என்ற நகரத்துக்கு ஓடிவிடுகிறான். அங்கே திறக்கவே முடியாத பளிச்சென்ற கதவுகள். அதை ஆராயவும் ஆட்கள் இருக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட அவதாரமாக வேண்டியவர்கள், நூலிழையில் தவறிப்போனவர்கள், எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து மனக்குறை பேசுகிற கூட்டம் ஒன்று உண்டு; அந்த இடம் சிரிப்பு. மற்றபடி அந்த நகரம் சிரிப்பில்லை. எந்த இனம், எந்தச் சாதி என்று ஆளாளுக்கு வகைபிரிக்கும் அரசாங்கம், கொள்ளைநோய், திடீரென்று கிளம்பும் கலவரம், அப்புறம் முகாம்கள். முகாமுக்குள் நடந்துகொண்டே இருக்கிற பகுதியைப் படிக்கும்போது, எங்கள் ஆபீசுக்கு எப்போதாவது வரும் இலங்கை அகதி முகாம்வாசிகள் நினைவுக்கு வந்தார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, ஒரு துண்டு மனை வாங்கலாமா என்று கேட்க வந்து, என்ன காகிதம் இருக்கிறது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். அந்த நாவலில் பேய்க்கும் ஆபீசருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் சிலர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

லேசான புத்தகம் இல்லை. பல இடத்தில் இப்போது என்ன நடந்தது என்று திரும்பிப் போய்ப் படித்தேன். நடுவில் முப்பது நாற்பது பக்கம் கதை எங்கேயும் போகாமல் நிற்கிறது. கதையைச் சொல்வது யார் என்பது பிற்பாடுதான் தெரியும். தெரிந்ததும் முதல் பக்கத்தைத் திறந்து மறுபடி படித்தேன். அக்கா மகள் இதில் நாற்பதாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருந்தாள். படிச்சு முடிச்சதாமே எல்லாம்! அந்த டிக்கெட்டை அப்படியே வைத்துத் திருப்பி அனுப்பப் போகிறேன்.

'ஃபோர்த் விங்' எதிர்க்கடை ஜெராக்ஸ் பெண்ணிடம் போயிருக்கிறது. இரண்டாம் பாகம் இருக்கா அக்கா என்று தினம் கேட்கிறாள். 'ஹாண்டட் ஹவுஸ்' என் மேசையில் கிடந்ததை எங்கள் எழுத்தர் அண்ணன் எடுத்துப் புரட்டிவிட்டு, கதை என்ன என்றார். சொன்னேன். பொம்மை, பரண், அக்கா, தம்பி எல்லாவற்றையும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிம்மா, வீடு கடைசியில என்ன விலைக்குப் போச்சு?"

படிச்சுப் பாருங்கண்ணே என்று கொடுத்திருக்கிறேன்.