‘தமிழில் பேசும் சைக்காலஜிஸ்ட்’ ஆப்: பணம் கட்டும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் இருப்பவர்கள் கொஞ்ச நாளாக ஒரு மனநல ஆப்பின் விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். தமிழில் பேசும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், வீட்டிலிருந்தே சிகிச்சை, முதல் செஷன் ஒரு ரூபாய். பெயரைப் போடவில்லை. வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுத எனக்குத் தெம்பில்லை. வேறு பெயரிலும் இதே வியாபாரம் நடக்கும் என்பதால், பெயரைவிட நடந்த விதம்தான் முக்கியம்.

மாமா தவறிய பிறகு குடியாத்தத்தில் இருக்கும் என் அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரியானால் நெஞ்சு படபடக்கும். ஈசிஜியில் ஒன்றும் இல்லை, மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் பாகாயத்தில்தான் இருக்கிறது. “அந்த ஸ்டாப்புல எறங்கினா எவனாச்சும் பாத்துட்டு ஊரெல்லாம் சொல்லிடுவான்டா” என்று அக்கா மறுத்துவிட்டார். இந்தக் கூச்சத்தை அந்த விளம்பரக்காரர்கள் நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். ‘யாருக்கும் தெரியாமல்’ என்பதுதான் அதில் இருப்பதிலேயே பெரிய எழுத்து.

ஒரு ரூபாய் கட்டும்போதே, கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் யுபிஐ ஆட்டோபேவுக்கும் சம்மதம் வாங்கிக்கொள்கிறார்கள். கொஞ்ச நாளில் 4,499 ரூபாய் போனது. பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது விதி. வந்தது, ஆங்கிலத்தில், கடன் தருகிறோம் என்கிற மெசேஜ்களுக்கு நடுவில்.

சரி, பணத்தை விடுங்கள். வீடியோவில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள். மாமா எப்படி இறந்தார் என்பதை அக்கா ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லி அழ வேண்டும். அழுது முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மற்ற நேரத்துக்கு ‘24 மணி நேர நிபுணர் சாட்’. அதில் “அவர் படுத்திருந்த ரூமுக்குள்ள போகவே முடியல” என்று அக்கா எழுதியிருக்கிறார். “அவரிடம் மனம் விட்டுப் பேசிப் பாருங்கள்” என்று அடுத்த நொடியே பதில். இறந்தவரிடம்! மனிதர் யாராவது அதைப் படித்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. இன்னொரு ராத்திரி, “பசங்க இல்லன்னா நானும் போயிருப்பேன்” என்று எழுதியிருக்கிறார். அதற்கு மூச்சுப் பயிற்சி வீடியோ ஒன்று வந்தது, கீழே ‘அடுத்த செஷனை புக் செய்யுங்கள்’ என்ற பட்டன். அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர்கூடத் தரவில்லை. இதைப் படித்த பிறகுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

பேசினவர்களின் பதிவு எண்ணைக் கேட்டு மெயில் போட்டேன். ஏதோ ஆன்லைன் கோர்ஸ் முடித்த சான்றிதழை பிடிஎஃப்பாக அனுப்பினார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு இருக்க வேண்டும். சிஆர்ஆர் எண் என்பார்கள். அதை ஆர்சிஐ தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். மனநல டாக்டர் என்றால் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் போட வேண்டும் என்று 2020இல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலே சொல்கிறது. லைஃப் கோச், வெல்னஸ் எக்ஸ்பர்ட் என்றெல்லாம் போட்டுக்கொள்வதற்கு எந்தப் பதிவும் வேண்டாம்.

இணையம் வழி சிகிச்சையே பித்தலாட்டம் என்று நான் சொல்லவில்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்கிற சிகிச்சை முறை, பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருந்து நடத்தினால் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் போன், கம்ப்யூட்டர் வழியாகவும் நன்றாகவே பலன் தருகிறது. இங்கே அந்த ‘ஒருவர்’தான் இல்லை.

ஆப்பை அழித்தாலும் ஆட்டோபே நிற்காது. கூகுள் பே, போன்பே எதுவானாலும் அதில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். சாட்டில் எழுதியதையெல்லாம் நீக்கச் சொல்லியும் எழுதுங்கள். பின்லாந்தில் வாஸ்தாமோ என்ற சிகிச்சை நிறுவனத்திலிருந்து நோயாளிகளின் குறிப்புகள் திருடுபோய், 2020இல் அந்த நோயாளிகளுக்கே பணம் கேட்டு மிரட்டல் மெயில் போனது. எங்களுக்கு ‘நீக்கிவிட்டோம்’ என்று இன்னும் பதில் வரவில்லை.

காசில்லாமல் போனில் பேச வேண்டுமானால் அரசின் டெலிமானஸ் எண் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அக்கா முதலில் அதில்தான் பேசினார். அப்புறம் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு என்னோடு வந்தார். அங்கே ஓபி சீட்டு வாங்கும் வரிசை நீளம்தான், உட்கார இடமும் கிடைக்காது. ஆனால் டாக்டர் எதிரில் உட்கார்ந்து கேட்டார்.

ரீஃபண்ட் கிடையாது என்று ஆப்காரர்கள் கைவிரித்துவிட்டதால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் இதே மாதிரி ஒரு ரூபாய்க்குப் பின்னால் பெரிய தொகை போயிருந்தால், பேங்க் ஸ்டேட்மெண்டையும் சாட் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை முதலில் எடுத்துவிடுங்கள். புகார் கொடுத்த மறுநாளே அக்காவின் கணக்கை முடக்கிவிட்டார்கள்.