நெப்டியூன் படம் அச்சடித்த கடை

ரங்கூனில் பன்சோடன் தெருவை ஒட்டிய சந்தில் உள்ள அச்சுக்கடையில் மகளுக்காக இரண்டு படங்கள் போட்டேன். ஒன்று 2015-இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் எடுத்த புளூட்டோ, மற்றது 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 விண்கலம் எடுத்த நெப்டியூன்.

புளூட்டோ அருமை! இதய வடிவப் பனிச் சமவெளியின் ஓரத்து மலைகள்கூடத் தெளிவாக விழுந்திருக்கின்றன. பளபளப்பில்லாத தாள், விரல் ரேகை ஒட்டவே இல்லை.

நெப்டியூனில் மை ஏறிப்போய், அந்தக் கோளில் அன்று தெரிந்த பெரும்புயலான 'பெரிய கரும்புள்ளி'யே நீலத்தில் மூழ்கிவிட்டது. "நெப்டியூன் கருநீலம்தானேக்கா?" என்றார் கடைத் தம்பி. மேகங்கள் தெரியவே அன்று நிறத்தைக் கூட்டினார்கள், உண்மையில் அது யுரேனஸ் மாதிரி வெளிர் பச்சை கலந்த நீலம் என்று 2024-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் காட்டியதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். சரி என்று மையைக் குறைத்து, காசு வாங்காமல் மறுபடி அடித்துத் தந்தார். இப்போது புள்ளியின் தெற்கு விளிம்பில் வெள்ளை மேகக் கீற்று பளிச்சென்று தெரிகிறது. மகள் விரலால் தடவித் தடவிப் பார்க்கிறாள்.

வாயேஜர் படம் ஒன்றுக்கு 800-க்கு 800 பிக்சல்தான். அதனால் ஏ3 அளவுக்கு மேல் கேட்காதீர்கள். முதலில் சின்னதாக ஒரு மாதிரி அடிக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.