சிடிசிஎஃப் புரதம்: வாங்குவதா, வளர்ப்பதா?

டிஎன்ஏவைப் பிடிக்கும் மனிதப் புரதமான சிடிசிஎஃப் (CTCF) லேபுக்கு வேண்டும் என்றால் மூன்று வழிகள் உண்டு. கோதுமை முளைச் சாற்றில் செய்து குப்பியில் விற்பதை வாங்கலாம். ஈ.கோலை பாக்டீரியாவில் நாமே செய்யலாம். இல்லையென்றால் பூச்சி செல்களிலோ எச்இகே 293 என்ற மனித செல்களிலோ செய்யலாம். பலரும் முதலில் விலையைப் பார்ப்பார்கள், அப்புறம் தூய்மையை. நான் முதலில் கேட்பது வேறு: உள்ளே துத்தநாகம் இருக்கிறதா?

சிடிசிஎஃப்பின் நீளம் 727 அமினோ அமிலங்கள். நடுவில் 11 துத்தநாக விரல்கள் (துத்தநாக அயனியைச் சுற்றி மடிந்த சிறு துண்டுகள்), விரலுக்குச் சுமார் 30 அமினோ அமிலங்கள். பத்து விரல்களில் இரண்டு சிஸ்டீனும் இரண்டு ஹிஸ்டிடினும் சேர்ந்து ஒரு துத்தநாக அயனியைப் பிடித்திருக்கின்றன. பதினொன்றாவதில் மட்டும் மூன்று சிஸ்டீன், ஒரு ஹிஸ்டிடின். அந்த அயனி கழன்றால் விரல் மடிப்பு குலைந்துவிடும், டிஎன்ஏவைப் பிடிக்காது. ஆனால் புரதங்களை அளவுப்படி பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் அதே இடத்தில் அதே அழகான பேண்டாக நிற்கும். 95 சதவீதம் தூய்மை என்ற சான்றிதழ் இதைக் காட்டிக்கொடுக்காது.

கோதுமை முளைக் குப்பியின் பலம், முழு நீளப் புரதம் உடனே கைக்கு வருவது. பொதுவாக முன்முனையில் ஜிஎஸ்டி டேக் (பிரித்தெடுக்க உதவும் ஒட்டுப் புரதம்) இருக்கும். கிடைப்பது சில மைக்ரோகிராம்தான். தகவல் தாளில் எலைசா, வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடியால் புரதத்தைக் கண்டறியும் சோதனைகள்) என்று போட்டிருந்தால் அதை அப்படியே நம்புங்கள். டிஎன்ஏ பிணைப்பு பற்றி ஒன்றும் இல்லையென்றால் அந்த மௌனத்தையும் நம்புங்கள். ஆன்டிபாடி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இது போதும். ஒரு எச்சரிக்கை: கணக்குப்படி சிடிசிஎஃப் சுமார் 83 கிலோடால்டன், ஜெல்லில் 130 பக்கம் ஓடும். டேக் 26 கிலோடால்டன் கூடினால் இன்னும் மேலே நிற்கும். தப்பான குப்பி வந்துவிட்டது என்று பதறாதீர்கள்.

டிஎன்ஏ பிணைப்புதான் கேள்வி என்றால் என் ஓட்டு ஈ.கோலைக்கு. முழுப் புரதத்துக்கு ஆசைப்பட வேண்டாம். இரு முனைகளும் ஒழுங்கான மடிப்பில்லாதவை, புரோட்டியேஸ்கள் கடித்துவிடும். விரல்களை மட்டும் எடுங்கள். 2017இல் வந்த படிக அமைப்புகளே விரல் துண்டுகளை வைத்துச் செய்தவைதான். டிஎன்ஏவில் சிடிசிஎஃப் அமரும் இடத்தின் மையத் தொடரைப் பிடிப்பது 3 முதல் 7 வரையிலான விரல்கள் என்று அவை காட்டின. கல்ச்சரைக் குளிரவைத்து, துத்தநாக குளோரைடு 100 மைக்ரோமோலார் அளவுக்குச் சேர்த்து, அப்புறம் புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜி போட்டு, 16–18 டிகிரியில் இரவு முழுக்க விடலாம். இந்தப் புரதம் பாக்டீரியாவின் டிஎன்ஏவையும் விடாமல் பிடித்துக்கொண்டு வரும். அதிக உப்பில் பாலிஎத்திலீன்இமைன் போட்டு டிஎன்ஏவை வீழ்த்தவில்லை என்றால் பின்னால் எல்லா அளவீடும் பொய்.

நான் ஒருமுறை எல்லாம் சரியாகச் செய்தும் பிணைப்பே வரவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது, புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரையில் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ இருந்தது. நானே பஃபரில் ஊற்றித் துத்தநாகத்தை உருவியிருக்கிறேன்! இடிடிஏ இல்லாத மாத்திரையைத் தேடி வாங்குங்கள். சிஸ்டீன்கள் ஆக்சிஜனேற்றம் ஆகாமல் காக்க டிடிடிக்குப் பதில் டிசிஇபி நல்லது. டிடிடியும் துத்தநாகத்தைப் பிடிக்கும். நிக்கலில் ஒட்டும் ஹிஸ் டேக் மலிவுதான், ஆனால் நிக்கல் தூணில் வேறொரு உலோகம் உள்ளே புகும் கவலை எனக்கு உண்டு. அதனால் ஜிஎஸ்டி.

பூச்சி செல்லும் எச்இகேயும் செலவான வழி. பூச்சி செல்லுக்குள் ஜீனைக் கொண்டுபோகும் பாகுலோவைரஸ் தயாராகவே சில வாரம் ஆகும். ஆனாலும் டிஎன்ஏவை வளையமாக்கும் கோஹீசின் புரதத்துடன் சேர்வதைப் பார்க்க வேண்டுமானால் விரல்கள் மட்டும் போதாது, சிடிசிஎஃப்பின் முன்முனை வேண்டும். பாஸ்பேட் ஏறுவது போன்ற மாற்றங்கள் உங்கள் கேள்வியில் இருந்தாலும் ஈ.கோலை உதவாது. எச்இகேயில் செல்லின் சொந்த சிடிசிஎஃப்பும் இருக்கும் என்பதால் டேக் இல்லாமல் இறங்காதீர்கள்.

எந்த வழியில் வந்த புரதமானாலும் முதல் ஜெல் ஷிஃப்டில் (புரதம் பிடித்த டிஎன்ஏ ஜெல்லில் மேலே நிற்கும் சோதனை) ஒரு லேனைக் கூடுதலாக ஒதுக்குங்கள். அதில் மட்டும் டிஎன்ஏ சேர்க்கும் முன் புரதத்தை, துத்தநாகத்தை உருவும் ஃபினாந்த்ரோலினுடன் சற்று நேரம் வையுங்கள். பக்கத்து லேனில் இருக்கும் பேண்ட் இதிலும் அப்படியே தெரிந்தால், அங்கே டிஎன்ஏவைப் பிடித்திருப்பது உங்கள் விரல்கள்தானா என்று சந்தேகப்பட வேண்டும்.